சீட்டுக்கு அடியில இருக்கிற ஸ்க்ரூ

மே 20, புதன்

கத்திரி வெயில். காலையில ஆறு மணிக்கே முதுகு தொப்பலா நனைஞ்சுது. இட்லி மாவு நாப்பது பாக்கெட் கட்டினேன். கரிக்கலாம்பாக்கம் கடை ரெண்டுக்கும் போட்டாச்சு. பாகூர் பக்கம் போவல. காரணம் எங்க பழைய வேன்.

உளுந்து வாங்க வில்லியனூர் போனேன். ரயில் கேட்டாண்ட ஆஃப். ஆக்ஸிலேட்டர்லேர்ந்து காலை எடுத்தா கிர்ர்னு எறங்குது, ஒரு ஒதறு, அவ்ளோதான். மறுபடி ஸ்டார்ட். மறுபடி ஆஃப். மூணுவாட்டி.

பின்னாடி பஸ்ஸு. கண்டக்டரு படியில தொங்கிக்கினு, "ஆயா, ஓரங்கட்டு ஆயா!"

"யாருடா ஆயா? அம்பத்தி நாலு வயசு எனக்கு. உங்க ஆயா உள்ள இருந்தா எறங்கி வந்து தள்ளச் சொல்லு!"

பஸ்ஸே சிரிச்சுது. அவனும் சிரிச்சான். எறங்கி அவனே தள்ளினான். நல்ல பையன். ஆசீர்வாதம் குடுத்தேன், கையாலயே.

வரும்போது பூரா ரேஸ்ல வெச்சிக்கினே ஓட்டினேன். மாதாவே, பவனிக்கு இன்னும் பதினொரு நாளுதான் இருக்குது.

வாங்கினது: உளுந்து, வெந்தயம், மெழுகுவத்தி பெருசு ரெண்டு. மறந்தது: ரப்பர் பேண்டு.

மே 21, வியாழன்

சாயங்காலம் கோயில்ல கூட்டம். மே மாதா மாசமாச்சே, அதோட கடைசி நாளு மாதா செலைய ஊரு சுத்தி எடுத்துக்கினு போற பவனி பத்தி. கோயில் கமிட்டித் தலைவர் மரியதாஸ் எழுந்தார். சட்டப் பாக்கெட்ல ரெண்டு பேனா.

"இந்த வருஷம் என் பையன் லோடு வண்டியில மாதாவ ஏத்திடலாம்னு முடிவு. புது வண்டி. பிலோமியும் செத்த ரெஸ்ட் எடுக்கட்டும்."

யாரு முடிவு? எப்ப முடிவு? நான் எழுந்துட்டேன். "அண்ணே, எங்க வூட்டுக்காரர் சூசை இருந்த வரைக்கும் பதினாலு வருஷம் மாதா எங்க வேன்லதான் போனா. அவர் செத்து ஆறு வருஷமா நான் ஓட்டுறேன். அவர் போனப்புறம் நாப்பத்தெட்டு வயசுல லைசென்ஸு எடுத்தேன், எதுக்கு? மாவு போடவா? மாவ சைக்கிள்லயே போடுவேன். மாதாவுக்குத்தான் எடுத்தேன்."

"அதெல்லாம் சரிம்மா. போன வருஷம் நின்ன வண்டி."

அவ்ளோதான். எல்லாரும் எங்க அண்ணன் அந்தோணி மூஞ்சப் பாத்தாங்க. அண்ணன் தரையப் பாத்துச்சு.

"நின்னா ரிப்பேர் பண்ணுவேன். மனுஷனுக்கு மூச்சு வாங்கினா பொதைச்சிடுவியா?" அப்டின்னேன்.

ஃபாதர் நடுவுல வந்தார். சின்ன வயசு, போன ஜூன்லதான் எங்க பங்குக்கு வந்தார். முப்பதாந் தேதி சனிக்கெழமை கோயில் மைதானத்துல எல்லா லைட்டும் மைக்கும் போட்டு ஓட்டிக் காட்டணும். நிக்காம ஓடினா என் வண்டி. நின்னா லோடு வண்டி. "சரியா?"

சரி சாமி. ஒன்பது நாள். நவநாள் வேண்டிக்கிறேன், வண்டிக்கும் சேத்து.

மரியதாஸ் வெளிய வந்து செருப்பு போடும்போது, "பொம்பளைக்கு இம்மாம் புடிவாதம் ஆவாது" அப்டின்னார். "மாதாவும் பொம்பளதாண்ணே" அப்டின்னேன்.

மே 22, வெள்ளி

தூக்கமே இல்ல. எழுதிடலாம்.

எங்க ஊருல ஒரு வழக்கம். மாதாவ ஏத்தின வண்டி கோயில்லேர்ந்து கெளம்பினா, ஊரு சுத்தி திரும்பி வர்ற வரைக்கும் ஆஃப் பண்ணக் கூடாது. வூட்டுக்கு வூடு மெதுவா போவும், ஜனங்க பூ போடுவாங்க, மெழுகுவத்தி காட்டுவாங்க. வண்டி அதுவா நின்னுட்டா, அந்த வாசல்ல மாதா நின்னுட்டான்னு அர்த்தம். அந்த வூட்டுல ஏதோ கொற. அந்த வூட்டு ஆளுங்க தெருவுக்கு வந்து முட்டி போட்டு மன்னிப்பு கேட்டாத்தான் வண்டி நகரும். மாட்டு வண்டியில போன காலத்துல மாடு நிக்குமாம். இப்ப இஞ்சினு. நானும் நம்பினவதான். ஒருவாட்டி பேசாத அண்ணந்தம்பி ரெண்டு பேரு அப்படித்தான் பேசிக்கினாங்க. நல்லதுதான நடந்துதுன்னு நெனச்சேன்.

போன வருஷம் குளத்துத் தெருவுல எங்க அண்ணன் வாசல்ல நின்னுச்சு. மூணுவாட்டி. நான் ஸ்டார்ட் பண்றேன், ஆஃப் ஆவுது. லைட்டெல்லாம் மங்கலாவுது. பின்னாடி ஊரே நிக்குது.

அண்ணன் பொண்ணு ஸ்டெல்லா அப்ப புருஷன் வூட்லேர்ந்து வந்து ரெண்டு மாசம். எதுக்கு வந்தா? புருஷன் அடிச்சி முழங்கையில எலும்பு முறிஞ்சி வந்தா. அது ஊருக்கே தெரியும். தெரிஞ்சும், "இந்த வூட்டு கொற இன்னான்னு நமக்குத் தெரியாதா? கட்டுனவன வுட்டுட்டு வந்தா மாதா மனசு தாங்குமா?" ஒரு குரல் இல்ல, பத்து குரல். மரியதாஸ் மைக்குலயே சொன்னார், "மன்னிப்பு கேட்டுடும்மா, மாதா போவட்டும்."

ஸ்டெல்லா வந்தா. தார் ரோட்டுல முட்டி போட்டா. தலையில துண்டு. மைக்க நீட்டினாங்க, அதுலயே மன்னிப்பு கேட்டா. அப்பால வண்டி ஸ்டார்ட் ஆச்சு. எல்லாரும் கை தட்டினாங்க.

அன்னையிலேர்ந்து அவ கோயிலுக்கு வரல. கடைக்கு வரல. வூட்டுலயே ஜாக்கெட் தைக்கிறா. குளத்துத் தெருவுல அந்த வூட்டுக்கு இப்ப பேரே "மாதா நின்ன வூடு."

இன்னொன்னு எழுதணும். கை வரல. நாளைக்கு மெக்கானிக்க பாத்துட்டு எழுதுறேன்.

மே 23, சனி

கரிக்கலாம்பாக்கம் முருகையன் பட்டறை. நெத்தியில பட்டை, வாயில பீடி, கையில எப்பவும் கந்தல் துணி. எங்க வூட்டுக்காரர் காலத்துலேர்ந்து பழக்கம்.

எங்க வேன்ல முன் சீட்டத் தூக்கினாத்தான் இஞ்சினு. தூக்கினான். ஒரு ரப்பர் குழாயக் கழட்டினான். உள்ள வட்டமா ஒரு பித்தளத் தட்டு. த்ராட்டில் பாடின்னான். அடுப்புல வெச்ச சட்டி அடி மாதிரி கரி.

"யக்கா, இதுதான் வண்டி மூச்சு வுடுற வழி. மிதிச்சா தட்டு தொறக்கும். காலை எடுத்தா மூடிக்கும். மூடினாலும் உயிரோட இருக்கணுமில்ல? அதுக்குப் பக்கத்துல சின்ன வழி, ஒரு வால்வு. லைட்டு போட்டா, மைக் செட்டு போட்டா இஞ்சினுக்கு பாரம் ஏறும். கம்ப்யூட்டரு அதப் பாத்து வால்வ இன்னும் செத்த தொறந்து வுடும். அப்பதான் நின்ன எடத்துல சீரா ஓடும்."

"அப்ப கரிதான் காரணமா தம்பி?"

"கரியும்." அப்பால டார்ச்ச அடிச்சிப் பாத்தான். "யாரு இந்த ஸ்க்ரூவ திருப்பினது?"

"ஏன்?"

"இது தட்டு மூடுற எடத்துல தாங்கி நிக்கிற ஸ்க்ரூ. வண்டி செய்யும்போதே அளந்து வெச்சி மேல பெயிண்ட் வெச்சிருப்பாங்க. தொடவே கூடாது. இது ஒன்றரை சுத்து முறுக்கியிருக்கு. தட்டு முழுசா மூடல. அதனால கம்ப்யூட்டரு, 'இவ இன்னும் மிதிச்சிக்கினு இருக்கா'ன்னு நெனச்சிக்கினு வால்வ கண்டுக்கவே மாட்டேங்குது. வெறும் வண்டின்னா கும்முனு ஓடும். லைட்டு, மைக்கு எல்லாம் போட்டு ஆமை மாதிரி ஓட்டினா மூச்சு முட்டி நின்னுடும். எந்த முட்டாப்பய செஞ்சானோ."

"தெரியலியே தம்பி."

பொய். ஜெபமாலை கழுத்துல தொங்குது, நான் பொய் சொல்றேன்.

அந்த முட்டாப்பய நான்தான். போன வருஷம் மே முப்பது மத்தியானம், ஃபோன்ல ஒருத்தன் வீடியோவுல காட்டினான், "ஐடில் கம்மியா இருந்தா இந்த ஸ்க்ரூவ திருப்புங்க, சூப்பரா ஓடும்." மாதா போற வண்டி கம்பீரமா ஓடட்டுமேன்னு, மாவு அரைச்ச கையோட சீட்டத் தூக்கினேன். வூட்டுக்காரர் ஸ்க்ரூ டிரைவரு. அரை சுத்து. நல்லா இருந்துச்சு. இன்னும் ஒன்னு. இன்னும் நல்லா இருந்துச்சு. யார்கிட்டயும் சொல்லல, நானே ரிப்பேர் பண்ணேன்னு பெருமை வேற.

மறுநாளு ஸ்டெல்லா வாசல்ல நின்னப்ப ஒரு நிமிஷம் தோணுச்சு, நாம திருப்பினதாலயோன்னு. சந்தேகம்தான். சந்தேகத்தை முழுங்கிட்டேன். வருஷம் பூரா முழுங்கினேன். இன்னிக்கு சந்தேகமும் போச்சு.

ஏன் வேற வாசல்ல நிக்கல? அதையும் யோசிச்சேன். குளத்துத் தெருவுல அண்ணன் வூட்டாண்டதான் ஸ்பீடு பிரேக்கரு. அங்கதான் காலை எடுப்பேன். அவ்ளோதான். தெருவுக்கு தெரு நிக்காம வந்தது, அங்க நின்னுச்சு. அவ முட்டி போட்டப்புறம் நான் பதட்டத்துல ஆக்ஸிலேட்டர மிதிச்சிக்கினே ஸ்டார்ட் பண்ணேன், அதான் புடிச்சிக்கினுச்சு. மாதா இல்ல. கரி. ஸ்க்ரூ. நானு.

மே 24, ஞாயிறு

பூசை. பெந்தகோஸ்து. சீடருங்களப் பேச வெச்ச நெருப்பு நாக்கு பத்தி ஃபாதர் பிரசங்கம். என் நாக்கு மட்டும் மேலண்ணத்துல ஒட்டிக்கினு இருந்துச்சு.

அண்ணன் வூட்டுக்குப் போனேன். மீன் கொழம்பு. அண்ணன்: "எதுக்கு பிலோமி இந்த வீம்பு? லோடு வண்டியே போவட்டும். நம்ம தெருவ வுட்டுட்டு போனா இன்னும் நல்லது."

"நல்லதா? யாருக்கு நல்லது?"

"அவளுக்கு."

உள்ள தையல் மிஷினு ஓடிக்கினே இருந்துச்சு. ஸ்டெல்லா வெளிய வரல. கதவாண்ட போயி, "ஸ்டெல்லா"ன்னேன். மிஷினு நிக்கல. "வேல இருக்குது அத்தே." திரும்பி வந்துட்டேன்.

பத்து புள்ளைங்களுக்கு ஜெபம் சொல்லிக் குடுத்த வாயி. ஒரு பொண்ணுகிட்ட நாலு வார்த்த வரல. தூ.

மே 26, செவ்வாய்

கழட்டினது. தேய்ச்சது. முருகையன் ஸ்ப்ரே அடிச்சிட்டு பிரஷ்ஷ எடுத்தான். "குடு இங்க. முப்பது வருஷம் தோசக்கல்லு தேய்ச்ச கை" அப்டின்னு நானே வாங்கினேன். பழைய பல்லு பிரஷ்ஷு, துணி. தட்டுக்குப் பின்னாடி, ஓரம், வால்வு மூக்கு. கை பூரா மை. தட்டு பளபளன்னு வந்துச்சு, கோயில்ல அப்பம் வெக்கிற நன்மைப் பாத்திரம் மாதிரி. (மன்னிச்சிக்கோ ஆண்டவரே, அப்படித்தான் தோணுச்சு.)

அப்பால ஸ்க்ரூ. கம்ப்யூட்டர் பெட்டிய வண்டியில சொருகி நம்பரப் பாத்துக்கினே அவன் சொல்றான், "செத்த எறக்கு யக்கா. இன்னும். இன்னும். நிறுத்து. கால் சுத்து ஏத்து. அய்யோ அவ்ளோ இல்ல! மயிரளவு." திருப்பினவளே திருப்பினேன். அவனுக்குத் தெரியாது.

பேட்டரி வயரு அரை மணி கழட்டி வெச்சான், கம்ப்யூட்டரு பழச மறக்கணுமாம். எனக்கும் அப்படி ஒரு வயரு இருந்தா தேவல.

ஸ்டார்ட். "பத்து நிமிஷம் ஆக்ஸிலேட்டர தொடாத, அது புதுசா கத்துக்கினு இருக்குது" அப்டின்னான். அதுக்குள்ள ஒரு எறக்கம் எறங்குச்சு, என் காலு தானா மிதிச்சிடுச்சு. "யக்கா!" மறுபடி மொதல்லேர்ந்து. மறுபடி அரை மணி.

ரெண்டாவது வாட்டியும் சரியில்ல. ஏறுது, எறங்குது, ஏறுது. ஊஞ்சல் மாதிரி. முருகையன் சோப்புத் தண்ணிய ஓரத்துல ஊத்திக் காட்டினான், உள்ள உறிஞ்சுது. நடுவுல வெக்கிற கேஸ்கெட் அட்டைய பழசே போட்டுட்டானாம், கிழிஞ்சி காத்து போவுது. அவன் தப்பு. ஒத்துக்கினான். "என் தப்பு யக்கா, நாளான்னிக்கு புதுசு வந்துடும், பாண்டியில சொல்லிட்டேன்."

எவ்ளோ சுளுவா சொல்லிட்டான். என் தப்பு. முடிஞ்சுது.

மே 27, புதன்

மளிகைக் கடையில மரியதாஸ். என்னப் பாக்காத மாதிரி கடைக்காரர்கிட்ட சத்தமா: "மாதாவே வேணான்னு சொன்ன வண்டி. இதுக்குப் போயி கம்ப்யூட்டர் வெச்சி வைத்தியம் பாக்குறாங்களாம்."

"மாதா உங்ககிட்ட ஃபோன்ல சொன்னாளாண்ணே? நம்பரக் குடுங்க, நானும் கேக்குறேன்."

கடைக்காரர் தராசப் பாத்துக்கினே சிரிச்சார்.

மரியதாஸ், "அந்தத் தெருவுலயே நின்னுச்சே, அதுக்கு இன்னா சொல்ற?" அப்டின்னார்.

சொல்லியிருக்கலாம். அங்கயே. சொல்லல. தீப்பெட்டி வாங்கிக்கினு வந்துட்டேன். மாவுல உப்பு போட மறந்து, பதினஞ்சு பாக்கெட் வீணு. நல்லா வேணும் எனக்கு.

மே 28, வியாழன்

கத்திரி முடிஞ்சிதாம். வெயிலுக்கு அது தெரியல.

கேஸ்கெட் வந்துச்சு. போட்டான். கழட்டு, மாட்டு, காத்திரு. காலை நான் சீட்டு மேல மடிச்சி ஒக்காந்துக்கினேன், மிதிக்காம இருக்க.

ஓடுச்சு. லைட்டு போட்டான். ஒரு மூச்சு எறங்கி, தானா ஏறி, நின்னுச்சு. ஹெட்லைட்டு. வைப்பரு. ஹாரன அழுத்திக்கினே இருந்தான். எறங்கல. கம்ப்யூட்டர் பெட்டியில நம்பரு எட்டுநூறு, எட்டுநூறு, எட்டுநூத்திப் பத்து, எட்டுநூறு. டம்ளர்ல தண்ணி ஊத்தி டேஷ்போர்டு மேல வெச்சான். தண்ணி மேல வட்டம் வட்டமா நடுங்குச்சு. ஒரு சொட்டு சிந்தல.

எனக்கு அழுகை வந்துடுச்சு. "தம்பி, அந்த ஸ்க்ரூவ திருப்பினது நானு."

"தெரியும் யக்கா."

"எப்படி?"

"ஸ்க்ரூ தலையில இட்லி மாவு காஞ்சி போயி இருந்துச்சு. இந்தச் சுத்துவட்டாரத்துல வேற எவன் மாவோட இஞ்சினத் தொடுவான்?"

அடப்பாவி. அஞ்சு நாளா தெரிஞ்சி வெச்சிக்கினு முட்டாப்பயன்னு நாலுவாட்டி சொன்னான்.

மே 29, வெள்ளி

காலையில பாவசங்கீர்த்தனம்.

ஸ்க்ரூவ சொன்னேன். ஃபாதருக்கு புரியறதுக்கு கால் மணி ஆச்சு. "இது பாவமா, ரிப்பேரா?"

"ரிப்பேரு பாவமில்ல சாமி. அந்தப் பொண்ணு முட்டி போட்டுக்கினு இருக்கும்போது நான் ஸ்டியரிங்க புடிச்சிக்கினு ஒக்காந்து இருந்தேனே, அது."

அப்பால, "அந்தப் பொண்ணுகிட்ட சொல்லுங்க" அப்டின்னார். அபராதம் மூணு அருள் நிறைந்த மரியே. மூணுதானா? மார்க்கு போடத் தெரியாத வாத்தியாரு.

சாயங்காலம் ஸ்டெல்லா. இந்தவாட்டி கதவத் தள்ளிக்கினு உள்ள போயிட்டேன். மிஷினுல செவப்பு ஜாக்கெட் ஓடிக்கினு இருந்துச்சு. ஒக்காந்தேன். நின்னுக்கினு சொன்னா ஓடிடுவேன்னு ஒக்காந்தேன். எல்லாத்தையும் சொன்னேன். வீடியோ, ஸ்க்ரூ, சந்தேகம், முழுங்கினது.

பாதியில மிஷினு நின்னுச்சு.

அழுவான்னு நெனச்சேன். அழல. நூல வாயால கடிச்சித் துப்பினா.

"அத்தே, அன்னிக்கு இன்னா கொறைக்கு நான் மன்னிப்பு கேட்டேன், தெரியுமா உனக்கு?"

"தெரியலடி."

"எனக்கும் தெரியாது. எல்லாரும் கேளுன்னாங்க. அப்பாவும் கேளுன்னுச்சு. கேட்டேன். நீ வண்டியிலேர்ந்து எறங்கவே இல்ல."

"தப்புதாண்டி. தப்புதான். என்ன மன்னிச்சிடு."

"இத இங்க வந்து சொல்றியே. நான் முட்டி போட்டது தையல் மிஷினு முன்னாடியா? தெருவுல. ஊரு முன்னாடி. மைக்குல."

அப்பால காலை வெச்சி மிதிச்சா. கடகடகடன்னு மிஷினு.

எழுந்து வந்தேன். அண்ணி காப்பி நீட்டுச்சு. குடிக்கல. நான் காப்பி வேணான்னு சொன்னது எனக்கே ஆச்சரியம்.

அவ சொன்னதுல ஒரு எழுத்து தப்பில்ல.

மே 30, சனி

சோதனை. மைதானம். நாலரை மணி. வேடிக்கைக்கு ஊரே.

வண்டி கேரியர்ல பலகை கட்டியாச்சு. மாதா நாளைக்குத்தான் ஏறுவா, இன்னிக்கு அதே கனத்துக்கு அரிசி மூட்ட. சீரியல் பல்பு ரெண்டு பக்கமும். பக்கத்து சீட்டுல உபதேசியார் ராயப்பன், மடியில ஆம்ப்ளிபையர், கையில மைக்கு. வருஷா வருஷம் அவர்தான் வண்டியிலேர்ந்து ஜெபமாலை சொல்றவர். எல்லாத்துக்கும் கரண்டு என் வண்டி பேட்டரிதான்.

மொத சுத்து. ரெண்டாவது. நடக்கிற ஆளவிட மெதுவா. மரியதாஸ் குறுக்க வந்து, "நிறுத்து. இப்ப லைட்டு எல்லாம் போடு. இப்ப மைக்க போடு. இப்ப ஹெட்லைட்டு." ஏதோ டாக்டரு நாக்க நீட்டச் சொல்ற மாதிரி. எல்லாம் போட்டேன். காலை எடுத்து அவருக்குத் தெரியிற மாதிரி கதவாண்ட தூக்கிக் காட்டினேன். வண்டி அது பாட்டுக்கு ஓடிக்கினு இருந்துச்சு.

ராயப்பன் மைக்குல, "சோதனை, சோதனை, ஒன்னு ரெண்டு மூணு."

ஃபாதர், "ஓகே. பிலோமிம்மா வண்டி" அப்டின்னார். பசங்க விசிலு.

மரியதாஸ் கிட்ட வந்தார். குரல் தாழ்த்தி, தன்மையாத்தான் சொன்னார். "ஒன்னே ஒன்னு பிலோமி. குளத்துத் தெருவுல மட்டும் மெதுவாக்காம வெரசா போயிடு. அந்தோணி வாசல்ல எதுவும் வேணாம். பொண்ணும் பாவம்."

"பொண்ணு பாவமா? இப்பத்தான் தெரிஞ்சுதா?"

மத்ததெல்லாம் மனசுக்குள்ளயே சொல்லி முடிச்சிட்டேன்.

ராவுக்கு ரசம் சோறு. முட்டிக்கு தைலம்.

மே 31, ஞாயிறு

ஒன்பது மணி ஆவுது. எழுதிட்டு படுக்கணும்.

அஞ்சரைக்கு கெளம்பினோம். மாதா மேல. மல்லி, ரோசு, சம்மங்கி. மேகம் கட்டி செத்த காத்து. கோயில் தெரு, பெரிய தெரு, ஸ்கூல் தெரு. வண்டி எங்கயும் ஒதறல. ஒவ்வொரு வாசல்லயும் காலை எடுத்தேன், ஒவ்வொரு வாசல்லயும் அது தானா புடிச்சிக்கினுச்சு. ஆறரைக்கு குளத்துத் தெரு. வெளிச்சம் மங்கிடுச்சு, பல்பெல்லாம் போட்டாச்சு.

ஸ்பீடு பிரேக்கரு. ஏறி எறங்கினேன். அண்ணன் வூட்டு கேட்டு பூட்டியிருந்துச்சு. ஜன்னல்ல மட்டும் லைட்டு.

நியூட்ரல் போட்டேன். ஹேண்ட் பிரேக்க இழுத்தேன்.

பின்னாடி ஜெபம் அப்படியே தேஞ்சி போச்சு. "நின்னுடுச்சி. மறுபடியும் அதே வாசல்ல." "பாத்தியா? நான் சொன்னேன்ல." ஒரு கெழவி அங்கயே முட்டி போட்டுட்டா. மரியதாஸ் முன்னாடிலேர்ந்து ஓடி வந்தார், "இன்னா பிலோமி, நின்னுட்டுதா?"

"ஓடுது. காது குடுத்துக் கேளு. நான் நிறுத்தி வெச்சிருக்கேன்."

ராயப்பன் கையில ஜெபமாலை, பத்து மணியில பாதிதான் சொல்லியிருந்தார். அது முடியற வரைக்கும் காத்துக்கினு இருந்தேன், மாதா ஜெபத்த குறுக்க வெட்டக் கூடாது. கடைசில 'பிதாவுக்கும் சுதனுக்கும்' சொல்லி முடிச்சவொடனே மைக்க வாங்கினேன்.

சொன்னது இதுதான், ஞாபகம் இருக்கிற வரைக்கும்:

"எல்லாரும் கேளுங்க. வண்டி நிக்கல. ஓடிக்கினு இருக்குது. போன வருஷம் இந்த வாசல்ல நின்னுச்சே, அது மாதா நிறுத்தல. நான் நிறுத்தினேன். இந்த சீட்டுக்கு அடியில ஒரு ஸ்க்ரூ. அதுக்கு மொத நாளு அத திருப்பினவ நானு, சூசை பொண்டாட்டி பிலோமினா. கொற இந்த வூட்டுல இல்ல. என்கிட்ட. ஸ்டெல்லா தப்பு பண்ணல. அடி தாங்க முடியாம பெத்தவங்க வூட்டுக்கு வர்றது தப்பு இல்ல. அவள முட்டி போட வெச்சோமே, அதுதான் தப்பு. நீங்களும் நானும்."

மரியதாஸ், "மைக்க ஆஃப் பண்ணுப்பா யாராவது!"

"ஆஃப் பண்ண முடியாதுண்ணே. வயரு என் பேட்டரியிலேர்ந்து வருது."

யாரோ சிரிச்சிட்டாங்க. யாரோ அதட்டினாங்க. ஃபாதர் மரியதாஸ ஒரு பார்வ பாத்தார், அவ்ளோதான்.

மைக்க ராயப்பன்கிட்ட குடுத்துட்டு எறங்கினேன். ஸ்டியரிங்ல யாரும் இல்ல. ஆக்ஸிலேட்டர்ல யாரு காலும் இல்ல. எல்லா பல்பும் எரியுது. வண்டி ஒரே சீரா. கேட்டுக்கு நேரா, தார் ரோட்டுல முட்டி போட்டேன். தாரு இன்னும் சுட்டுச்சு. தலையில முந்தானையப் போட்டேன். "ஸ்டெல்லா, என்ன மன்னிச்சிடும்மா" அப்டின்னேன். மைக்கு இல்ல, பக்கத்துல நின்னவங்களுக்கு மட்டும்தான் கேட்டிருக்கும்.

எவ்ளோ நேரம்னு தெரியல. வண்டி சத்தம் மட்டும்.

பூட்ட தொறக்கிற சத்தம். ஸ்டெல்லா. நைட்டி மேல துண்டு, கழுத்துல அளவு டேப்பு. பின்னாடி அண்ணன் வந்து நின்னுச்சு. அவ என்னத் தூக்கி வுடல. ஊர ஒருவாட்டி பாத்தா, மொதல்லேர்ந்து கடைசி வரைக்கும். ராயப்பன் ஜன்னலாண்ட போயி கைய நீட்டினா. அவர் மைக்க குடுத்துட்டார். அத எடுத்தாந்து என் கையில வெச்சா.

"பின்னாடி இருக்கிறவங்களுக்கு கேக்கல அத்தே. இன்னொருவாட்டி சொல்லு."

சொன்னேன்.